பதினோரு பார்லிச் செடிகளும் ஓர் ஆயுத பூஜையும்

நான் செடிகளில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு என்னிடம் பேச வேறு விஷயமே கிடையாது. கறிவேப்பிலைச் செடி ஏன் மஞ்சளாகிறது, செம்பருத்தியில் ஏன் வெள்ளைப்பூச்சி, மொட்டைமாடித் தக்காளிக்கு மோர் ஊற்றலாமா. காலையில் மெட்ரோவுக்கு ஓடுகிறவளை கேட் அருகே நிறுத்தி, செல்போனில் எடுத்த இலைப் படத்தை முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புவதில்லை. ஆறு வருஷமாக என்னதான் படிக்கிறாய் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் என் அம்மாவுக்கும் பங்கு உண்டு.

நான் படிப்பது ஒளிச்சுவாசம். அதிலும் அம்மோனியா சம்பந்தப்பட்ட பகுதி. இதை ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து இலைக்காரர் உடனே ரசம் பரிமாறுகிறவரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். கேட்காதவர்களுக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரியாவிட்டால் எனக்கு நேர்ந்ததும் புரியாது.

இலைக்குள் ரூபிஸ்கோ என்று ஒரு நொதி இருக்கிறது. காற்றிலிருந்து கார்பன்-டை-ஆக்ஸைடைப் பிடித்துச் சர்க்கரை செய்ய வழிவிடுவது அதன் வேலை. உலகம் சாப்பிடுவதெல்லாம் அதன் புண்ணியத்தில்தான். ஆனால் அதற்குக் கவனம் போதாது. வெளிச்சத்தில் வேலை செய்துகொண்டே இருக்கும்போது, நாலைந்து தடவைக்கு ஒரு தடவை கார்பன்-டை-ஆக்ஸைடு என்று நினைத்து ஆக்ஸிஜனைப் பிடித்துவிடும். அதில் உண்டாவது செடிக்கு ஆகாத பொருள். அதைச் சீர்செய்து உபயோகத்துக்குக் கொண்டுவர, செடி தன் செல்லுக்குள்ளேயே மூன்று அறைகளுக்கு நடையாய் நடக்கிறது. அரசாங்க ஆபீஸில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த நாம் அலைவது போலத்தான். அந்த அலைச்சலில், மைட்டோகாண்ட்ரியா என்ற அறையில், அம்மோனியா வெளியே விழுகிறது. கொஞ்சநஞ்சமில்லை. வேர் மண்ணிலிருந்து பாடுபட்டு உறிஞ்சுகிற நைட்ரஜனைவிடப் பல மடங்கு, ஒவ்வொரு வெயில் நாளும் இப்படி வெளியே விழுகிறது. அதை விட்டுவிட்டால் நைட்ரஜன் போயிற்று. உள்ளேயே சேர்த்துவைத்தால் அது நஞ்சு.

செடி இரண்டையும் செய்வதில்லை. விழுந்ததை அங்கேயே அள்ளி, பசுங்கணிகம் என்ற பச்சை அறைக்குக் கொண்டுபோய், குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றிக் குளூட்டமின் ஆக்குகிறது. நம் வீடுகளுக்கு வரும் தண்ணீர் கேன் மாதிரிதான். குளூட்டமேட் காலி கேன், குளூட்டமின் நிறைந்த கேன். நிறைந்ததை இறக்கியதும் காலி கேன் அடுத்த சுற்றுக்குப் போகும். பெங்களூரில் கேன் வண்டி இரண்டு நாள் வராவிட்டால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என் பார்லிச் செடிகளுக்கு, பசுங்கணிகத்தில் அந்தக் கேனை நிரப்பும் நொதி பிறவியிலேயே கிடையாது. வெளிச்சத்தில், சாதாரணக் காற்றில் அவற்றை வைத்தால், தங்கள் அம்மோனியாவிலேயே வெளுத்துச் சாகும். பிழைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, காற்றில் இருப்பதைப் போல இருபது மடங்கு கார்பன்-டை-ஆக்ஸைடைக் கொடுப்பது. அவ்வளவு கொடுத்தால் ரூபிஸ்கோ தவறு செய்வது அபூர்வம், அம்மோனியாவும் விழாது. இன்னொன்று, விளக்கை அணைத்துவிடுவது. இருட்டில் ஒளிச்சுவாசமே இல்லை. மூன்று நாலு நாள் இருட்டில் கிடந்தால் செடி சோர்ந்துபோகும், ஆனால் சாகாது. என் ஆய்வேட்டின் ஒரு முழு அத்தியாயம் இந்த இரண்டாவது விஷயத்தை எண்களால் நிரூபிக்கப் பார்ப்பதுதான்.

இந்தச் செடிகள் நகரத்தின் வடக்குக் கோடியில் உள்ள எங்கள் வளாகத்தில், பீரோ அளவு இருக்கும் ஒரு கண்ணாடிக் கதவுப் பெட்டிக்குள் வாழ்ந்தன. பக்கத்தில் ஆளுயரக் கார்பன்-டை-ஆக்ஸைடு சிலிண்டர் நிற்கும். வாயு குறைந்தால் கத்த வேண்டிய அலாரம், கரண்ட் போகும்போதெல்லாம் கத்தி எங்கள் உயிரை வாங்கியதால், யாரோ ஒரு புண்ணியவான் அதன் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தார். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். பதினோரு செடிகள். எல்லாம் கதிர் விட்டு, மணி பால் பிடித்துக்கொண்டிருந்தன. முந்தைய தலைமுறை விதைகள் கோடையில் குளிர்பெட்டி கெட்டுப் பூஞ்சை பிடித்து ஒழிந்துபோயின. ஆகவே அந்த வம்சத்தில் உலகத்தில் என் கைவசம் இருந்தது இந்தப் பதினோரு செடிகளும், அவற்றின் கதிரில் பாதி முற்றிய மணிகளும் மட்டும். அவை முற்றி விதையானால் நான் படித்து முடிப்பேன். இல்லாவிட்டால் ஆறு வருஷத்தையும் துடைத்துப் போட்டுவிட்டு, விதை கேட்டு வெளிநாட்டுக்கு எழுதுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தின் டெக்னீஷியன் கோலார் தங்கவயல்காரர். நாற்பத்தைந்து வயசிருக்கும். தினமும் விடியலில் ரயில் ஏறி வந்து, சாயங்காலம் ரயிலில் திரும்பிப் போகிறவர். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும், ஆயுத பூஜையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். தங்கள் ஊரில் அன்றைக்கு எந்த வீட்டுக் கடப்பாரையும் பொட்டில்லாமல் இருக்காது என்பார். வேலையில் அவ்வளவு சுத்தம். நான் ஒரு சோதனைக்குழாயைக் கழுவி வைத்தால், நான் போன பிறகு எடுத்து மறுபடி கழுவுவார். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பூஜை வியாழக்கிழமை. வெள்ளி விடுமுறை, அப்புறம் சனி, ஞாயிறு. அன்று மத்தியானமே எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவில் பொட்டு. வாசலில் வாழைக்கன்று கட்டி, வெள்ளைப்பூசணி உடைத்து, பொரியும் கடலையும் கொடுத்தார்கள். பொரி கீபோர்டுக்குள் போகும், குங்குமம் தராசுத் தட்டில் ஏறும், திங்கட்கிழமை அத்தனையையும் நான்தான் ஊதி ஊதித் துடைப்பேன் என்று வருஷா வருஷம் கத்துகிறேன். வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு பொட்டலம் பொரி தருகிறார்கள்.

கிளம்பும் நேரத்தில் அம்மா போனில். எட்டாவது கிராஸ் கடைத்தெருவில் வாழையிலை தீர்ந்துபோய்விடும், பூ தீர்ந்துபோய்விடும், உனக்கு மட்டும் வேளை கெட்ட வேளையில் என்ன வேலை என்று ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தாள். ஒரு காதில் அம்மா, ஒரு தோளில் பை, கையில் பொரிப் பொட்டலம். அப்போதுதான் டெக்னீஷியன் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், பூஜைக்கு மெஷினு அல்லாத்துக்கும் ரெஸ்ட் குட்த்துர்லாம்ல? அல்லாத்தையும் ஆஃப் பண்ட்டு போவட்டா?"

"ம், பண்ணிடுங்கண்ணா" என்றேன். அம்மாவிடம், "வரேன்மா, வந்துண்டே இருக்கேன்" என்றேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். எதை யாரிடம் சொன்னேன் என்பதைப் பஸ் ஏறிய பிறகு ஒரு நொடியாவது யோசித்திருக்கலாம். கண்டக்டரோடு சண்டை போடுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை போய் அறைக் கதவைத் திறந்தபோது முதலில் காதில் பட்டது அமைதி. சிலிண்டரிலிருந்து வாயு போகும் அந்தச் சன்னமான சீறல் இல்லை. பெட்டியின் உச்சியில் குங்குமம், கைப்பிடியில் வாடிய செவ்வந்தி. உள்ளே விளக்குகள் மட்டும் ஜகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்துக்கு அடியில் என் பதினோரு செடிகளும் வெளிறி, நுனிகள் கருகி, துவைத்துக் காயப்போட்ட பழந்துணியாகத் தொங்கின. மூடிய பெட்டிக்குள் மிச்சம் இருந்த கார்பன்-டை-ஆக்ஸைடை அவையே குடித்துத் தீர்த்திருக்கும். அதற்குப் பிறகு ரூபிஸ்கோ பிடித்ததெல்லாம் ஆக்ஸிஜன்தான். நான் பொரியையும் பூசணியையும் திட்டவில்லை. நேராக அந்த மனிதரைத் திட்டினேன்.

அவர் அப்போதுதான் ரயிலிலிருந்து இறங்கி வந்திருந்தார். சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கேஸை யாருண்ணா மூடச் சொன்னா?"

"நீங்கதான மேடம் அல்லாத்தையும் ஆஃப் பண்ண சொன்னீங்க. கேஸை தொற்ந்து உட்டுட்டு வூட்டுக்கு போவக்கூடாதுன்னு எங்க அப்பா சொல்லும். சொரங்கத்துக்குள்ள காத்து கெட்டு ஆளுங்க செத்துக்கீறாங்கோ, மேடம்."

"எல்லாத்தையும்னா லைட்டையும் சேர்த்துதானே? அதை மட்டும் ஏன் விட்டீங்க?"

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று.

"அணைக்கத்தான் போனேன். அப்பறம் மனசு வர்ல மேடம். மெஷினுக்கு ரெஸ்ட்டு சரி. செடி உசுரு ஆச்சே. நாலு நாளு இருட்டுல இன்னா பண்ணும், பாவம்னு உட்டுட்டேன்."

என்ன சொல்வது இதற்கு? தலையில் அடித்துக்கொள்வதா, சுவரில் முட்டிக்கொள்வதா? யோசிக்காமல் நான் சொன்ன ஒரு வார்த்தையை அவர் அப்படியே கேட்டிருந்தால் செடிகள் பிழைத்திருக்கும். அதை மீறி அவர் இரக்கப்பட்ட அந்த ஒரு இடத்தில்தான் அவை செத்தன. நான் கத்திய கத்தலில் வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆறு வருஷம், ஆறு வருஷம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். சிலிண்டரைத் திறக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவர்தான் பையை வைத்துவிட்டுப் போய்த் திறந்தார். பிறகு விளக்கை நோக்கி அவர் கை போயிற்று. வேண்டாம், இனிமேல் எதையும் தொடாதீர்கள் என்றேன். வெளிச்சத்தை நானே பாதியாகக் குறைத்தேன்.

சத்தம் கேட்டுப் பேராசிரியர் வந்தார். ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர், நல்ல மனிதர், ஆனால் அவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். செடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸாம்பிள் தகொண்ட்யா?" என்றார், மாதிரி எடுத்தாயா என்று.

வீடு பற்றி எரியும்போது வந்து போட்டோ எடுத்தாயா என்று கேட்பவரை என்ன செய்யலாம்? ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். இப்படி மூன்றரை நாள் அம்மோனியாவில் ஊறிய இலை வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்தாலும் கிடைக்காது. எல்லா இலையையும் இப்போதே வெட்டி, உறையவைத்து, அரைத்து, எவ்வளவு அம்மோனியம் சேர்ந்திருக்கிறது என்று அளந்துவிடு, விதை இனிமேல் தேறாது, கையில் கிடைத்ததையாவது பிடி என்றார். அறிவுள்ள யோசனை. கத்தரியை எடுத்தும்விட்டேன்.

ஆனால் இலை சாகும்போது சும்மா சாவதில்லை. தன்னிடம் இருக்கும் புரதத்தை எல்லாம் உடைத்து, அதிலிருக்கும் நைட்ரஜனைக் கதிருக்கு அனுப்பிவிட்டுத்தான் சாகும். அதற்கு உதவுவது, அதே கேன் நிரப்பும் வேலையைப் பசுங்கணிகத்துக்கு வெளியே பார்க்கும் இன்னொரு நொதி. அந்த வெளியாள் என் செடிகளில் பழுதில்லாமல் இருந்தான். இலையை இப்போது வெட்டினால் எனக்கு ஒரு படம் வரையும் அளவுக்கு எண் கிடைக்கும். வெட்டாமல் விட்டால், போகிற இலை தன் கையிருப்பைப் பாதி முற்றிய மணிக்குக் கொடுக்க ஒரு வாய்ப்பு. எவ்வளவு கொடுக்கும், கொடுக்குமா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் கத்தரியைக் கீழே வைத்தேன். பேராசிரியர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தது என் தவறு.

"செடிதானேடி காஞ்சது? வேற வெதை போட்டுக்கோயேன்" என்றாள் அம்மா. பார்லி எட்டாவது கிராஸில் பாக்கெட்டில் கிடைக்கிறது என்ற தகவலையும் சேர்த்துச் சொன்னாள். மறுநாள் காலை கேட் அருகே எதிர்வீட்டு மாமி, அம்மோனியா நாற்றம் அடித்தால் கறிவேப்பிலைக்கு நல்லதா என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நடந்ததில் அவருக்கு இன்றுவரை வருத்தம்.

அடுத்த ஐந்து வாரம் நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. காலையில் போய் எண்ணுவேன். பதினொன்று எட்டாயிற்று, எட்டு ஐந்தாயிற்று. இலைகள் ஒவ்வொன்றாகக் காகிதமாயின. டெக்னீஷியனிடம் நான் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை. அவரும் என்னிடம் வந்து நிற்கவில்லை. ஆனால் சிலிண்டர் கழுத்தில் தினமும் ஒரு சீட்டு தொங்கும், காலை எவ்வளவு அழுத்தம், மாலை எவ்வளவு என்று. நான் கேட்கவில்லை. பிடுங்கிப் போட்டிருந்த அலாரம் வயரும் ஒரு நாள் தன் இடத்துக்கு வந்திருந்தது. அது கரண்ட் போகும்போதெல்லாம் கத்தியது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்.

கடைசியில் நான்கு செடிகள் கதிரை முற்றவிட்டுச் செத்தன. உருவிப் பார்த்தால் பெரும்பாலும் பதர். வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டி, விரலால் அழுத்தி, கொஞ்சமாவது சதைப்பிடிப்பு இருந்ததைத் தனியே வைத்தேன். பதினேழு வந்தது. சுருங்கி, எலி கடித்துத் துப்பினது போல இருந்தன. இதில் உயிர் இருக்குமா என்று யாரையாவது கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க யாரும் இல்லை. எதிர்வீட்டு மாமியின் நிலைமை அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

மணிகளை மூன்று வாரம் உலர்த்தி, ஈரக் காகிதம் விரித்த தட்டில் பதினேழையும் வைத்தேன். பாதியை மிச்சம் பிடிக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். செத்த விதையை மிச்சம் பிடித்து என்ன செய்ய என்று எரிந்து விழுந்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் போகவே பிடிக்காமல் மல்லேஸ்வரத்தில் இரண்டாவது காபி குடித்து, மெட்ரோவில் வேண்டுமென்றே ஒரு வண்டியை விட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தேன்.

டெக்னீஷியன் அறைக்குள் தட்டின் முன்னால் நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். எதையும் தொடாதீர்கள் என்று நான் சொன்னது, செடி விஷயத்தில் அவருக்கு இன்னும் அமலில் இருந்தது.

"ஆறு மொளைச்சுக்குது மேடம்" என்றார். "ஏழாவதும் வாய தொறக்கற மாதிரி கீது. எனக்கு சரியா தெர்ல, நீங்க பாருங்க."

பார்த்தேன். ஏழாவதிலும் வெள்ளை முனை எட்டிப்பார்த்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க, தட்டுக்கு இவ்வளவு தண்ணீர் யார் விட்டது என்று அதட்டினேன். விட்டது நான்தான். நாங்கள் இரண்டு பேரும் ஏழு வெள்ளை முனைகளையும் மறுபடி ஒருமுறை எண்ணினோம்.

பிறகு அவர் என்னைப் பார்க்காமல், தட்டையே பார்த்தபடி கேட்டார். இத்தனை வாரமாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வி என்பது குரலிலேயே தெரிந்தது.

"மேடம், அன்னிக்கு லைட்டையும் அணைச்சிட்டு போயிருந்தா, அல்லாம் பொழைச்சிருக்குமா?"

ஆறு வருஷமாக நான் பாடுபட்டு நிரூபித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு விஷயத்தைத்தான். அத்தியாயம் மேஜைமேல், அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"தெரியலைண்ணா" என்றேன். "அது யாராலயும் சொல்ல முடியாது."